வால்வரும் என் இரண்டு காதுகளும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, தங்கையின் பிள்ளைகள் இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியவள் நான். அவர்களுக்கு அம்மை போட்டபோதும் பார்த்தேன், காதல் வந்தபோதும் பார்த்தேன். அந்த ஏழு பேரும் சேர்ந்து குழப்பாத குழப்பத்தை, என் வீட்டுப் பின்னறையில் குடியிருந்த ஒரு மனிதர் இரண்டு கண்ணாடிக் குமிழை வைத்துக்கொண்டு ஒரே கச்சான் காற்றுக் காலத்தில் செய்து முடித்தார். திருகோணமலையில் அவரைப்போல இன்னொருவர் கிடையாது. இருந்திருந்தால் ஊர் தாங்கியிராது.

அவரை எல்லாரும் வால்வர் என்பார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது தபால்காரருக்குத் தெரியும். பழைய ரேடியோவின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தால் செம்மஞ்சளாக எரியுமே கண்ணாடிக் குமிழ், அதுதான் வால்வு. நாட்டில் எல்லாரும் அதைத் தூக்கி எறிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. இவர் மட்டும் அலுமாரி நிறைய அடுக்கி வைத்திருந்தார். உடுப்பு கதிரையில் கிடக்கும், வால்வுக்கு அலுமாரி.

அறை பார்க்க வந்த அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அறை பார்க்க வருகிறவர்கள் கிணற்றில் தண்ணீர் வற்றுமா என்று கேட்பார்கள், கதவு பூட்டுமா என்று பார்ப்பார்கள். இவர் அறையின் நடுவே நின்று கையைப் படார் படார் என்று நாலு முறை தட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"அக்கா, இந்த அறை திருப்பிக் கதைக்காது. நல்ல அறை. நான் வாறன்."

"சமைக்கிற குசினியைப் பாக்கேல்லையே, தம்பி?"

"குசினி கத்துமோ?"

"கத்தாது."

"அப்ப என்னத்துக்குப் பாக்கிறது?"

வந்து சேர்ந்த மறுநாள், பிஸ்கட் தகரம் அளவில் தானே செய்த ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். அதன் தலையில் இரண்டு குழி. குழிக்கு ஒரு வால்வு. பெட்டியிலிருந்து ஒரு வயர் அவருடைய போனுக்குப் போனது. மற்ற வயர் காதில் பூட்டுகிற ஹெட்போனுக்குப் போனது. போனில் இருக்கிற பாட்டு பெட்டிக்குள் போய், வால்வுக்குள்ளால் புகுந்து, காதுக்கு வரும். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. இன்றைக்கும் அவ்வளவுதான்.

"பாட்டு போனுக்குள்ளதானே கிடக்கு? போனிலயே கேட்டால் என்ன?" என்று கேட்டேன்.

இடியப்பத்தை ஏன் அவிக்கிறீர்கள், மாவாகவே சாப்பிடலாமே என்று நான் கேட்டதுபோல என்னைப் பார்த்தார்.

"போனுக்குள்ள கிடக்கிறது பாட்டின்ர விலாசம், அக்கா. பாட்டு இன்னும் வீட்டை வந்து சேரேல்லை."

அந்த மனிதருக்கு விடிந்தால் அதுதான் வேலை. ஒரு சோடி வால்வைப் போட்டு ஒரு வயலின் வாசிப்பைக் கேட்பார். முகத்தைச் சுளிப்பார். பெட்டியை நிறுத்துவார். வால்வு ஆறும்வரை, ஒரு செபமாலை சொல்லி முடிக்கிற நேரம், கைகட்டிக் காத்திருப்பார். பிறகு லேஞ்சித் துணியால் பிடித்து, குழந்தையின் ஆடுகிற பல்லை எடுப்பதுபோல அப்படியும் இப்படியும் அசைத்துக் கழற்றுவார். வேறு சோடி போடுவார். அது சூடாகும்வரை இன்னொரு செபமாலை. பிறகு அதே வயலின். ஒரு வால்வு ரஷ்யாவில் செய்தது, இன்னொன்று இங்கிலாந்தில் செய்தது, அதற்கேற்ப ஓசை மாறும் என்பார். வயலின் வாசித்தவர் அங்கேதான் இருக்கிறார், அவர் ஏன் மாறப்போகிறார் என்று எனக்கு ஒரே குழப்பம்.

அவர் கேட்டது போதாதென்று மற்றவர்களையும் கேட்க வைப்பார். ஹெட்போனைத் தலையில் மாட்டிவிட்டு, ஒரு கொப்பியும் பென்சிலுமாக எதிரே குந்திக்கொள்வார். முதலில் பிடிபட்டவர் கிண்ணியாவிலிருந்து எருமைத்தயிர் கொண்டுவரும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் கூப்பிடுகிறபடி நானா. தயிர்ச் சட்டியை மடியில் வைத்தபடி நானா இரண்டு சோடிக்கும் பொறுமையாக இருந்து கேட்டார்.

"எப்பிடி, நானா? எது திறம்?"

"ரெண்டும் நல்லம், சேர். மத்தச் சோடிய நாளக்கிக் கேப்பம். தயிரு தண்ணி விடுது."

அடுத்தது எங்கள் பங்குச் சுவாமி. வீடு சந்திக்க வந்த மனிதர். இரண்டாவது சோடி சூடாவதற்குள் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். ஊருக்குள் திரியும் புள்ளிமான் ஒன்று ஒரு நாள் யன்னலுக்கு வந்து, வால்வர் குளித்துக் காயப்போட்ட துவாயைத் தின்றுகொண்டிருந்தது. வால்வர் துவாயைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஹெட்போனை மானின் பக்கம் நீட்டினார். மான் துவாயோடு ஓடிவிட்டது. கொப்பியில் 'மான்: கருத்துச் சொல்லவில்லை' என்று எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். சிரிக்கவில்லை.

மானுக்குப் பிறகு என் முறை.

"அக்கா, உங்கடை காதுதான் எனக்குச் சரி."

"ஏன், என்ர காதில என்ன விசேசம்?"

"எல்லாரும் கண்ணாலதான் கேக்கினம். வால்வுக் கண்ணாடியில என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுப்போட்டு, அதுக்கு ஏத்தமாதிரிக் காதும் கதை சொல்லும். நான்கூட அப்பிடித்தான். உங்களுக்கு அது வாசிக்க ஏலாது. அதால காது கள்ளம் செய்யாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் இரண்டாம் வகுப்புவரை படித்தவள். பேர் எழுதுவேன். மூதூர், கந்தளாய், புல்மோட்டை, எந்த பஸ் பலகையையும் நின்ற இடத்தில் வாசிப்பேன். வால்வில் இருந்தது இங்கிலீசு. அது என் குற்றமா? ஆனாலும், படிக்காததற்காக ஒருவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் எனக்குத் தலை பிளக்கும். அது ஓயும்வரை இரண்டு காதிலும் எண்ணெயில் தோய்த்த பஞ்சு அடைத்திருப்பேன். தலைமயிர் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. எங்கள் வீட்டு ஒழுங்கைத் தெருவில் எல்லாரும் கத்தித்தான் கதைப்பார்கள் என்பதால் எனக்கும் குறை தெரிவதில்லை. அன்றைக்கும் பஞ்சு காதில் இருந்தது. நான் அதை மறந்தே போனேன்.

ஹெட்போனை மாட்டினார். வயலின் கேட்டது, அக்கரைக் கட்டைபறிச்சான் கோயில் திருவிழாச் சத்தம் குடாவைத் தாண்டி வந்து சேர்வதுபோல, எங்கேயோ தூரத்தில்.

"எப்பிடி, அக்கா?" பென்சில் தயாராக நின்றது.

என் மனுசன், ஆண்டவர் அவரை நல்லபடி வைத்திருக்கட்டும், நாற்பது வருடத்தில் என்னிடம் கேட்ட கேள்வி 'சாப்பாடு எங்கை?' என்பது ஒன்றுதான். நான் சொல்லப்போவதை எழுத ஒரு மனிதர் பென்சிலோடு காத்திருந்தால் என்ன செய்வது? ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"தேங்காய்ப்பூ காணாத சம்பல் மாதிரிக் கிடக்கு" என்றேன். அன்று காலை என் சம்பல் அப்படித்தான் இருந்தது.

எழுதினார். வால்வை மாற்றினார். மறுபடியும் அதே தூரத்து வயலின்.

"இது தேசிக்காய்ப் புளி கூடிப்போச்சு."

வால்வர் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். "அக்கா! அதுதான்! ஆறு மாசமா நான் தேடின சொல்லு அதுதான்! மேலுக்குக் கூசுது, அடியில ஒண்டுமில்லை. தேசிக்காய்!"

வெளியே வந்து குசினியில் நின்று தலையைச் சொறிந்தபோதுதான் விரலில் பஞ்சு பட்டது. அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் ஏற்கெனவே போனை எடுத்து யாருக்கோ 'தேசிக்காய், தேசிக்காய்' என்று கத்திக்கொண்டிருந்தார். நாளைக்குப் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்போம் என்று நினைத்தேன். நாளைக்கு வேறு மாதிரிக் கேட்டால், நேற்றுச் சொன்னது பொய் என்றாகிவிடுமே? ஆகவே பஞ்சு காதிலேயே இருந்தது.

இவரைப்போல வால்வு மாற்றிக்கொண்டிருக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். கொழும்பில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், கனடாவில் இரண்டு பேர். எல்லாரும் போனில் பேசிக்கொள்வார்கள். நான் சொன்னவை அவர்களுக்கும் போகத் தொடங்கின. திரைந்த தேங்காய்ப்பால் சொதி. முள் எடுக்காத சூடைமீன் பொரியல். ஆறிப்போன பிட்டு. அடுப்பில் என்ன இருந்ததோ அதுவே அன்றைய தீர்ப்பு. கொழும்புக்காரர் ஒரு சோடி வால்வைப் பஞ்சுப் பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பி, அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றாராம். கனடாவிலிருந்து ஒருவர், நான் கூனி இறால் சுண்டிய அன்று 'கூனிச் சுண்டல்' என்று சொன்ன சோடி எப்படியாவது தனக்கு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாராம்.

பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாக இருந்தது. கோயிலுக்கு நடக்கும்போது வளைந்திருந்த நாரி எலும்பு நிமிர்ந்துவிட்டது.

பிறகு அந்தப் பொல்லாத நாள் வந்தது. வெக்கையில் நான் அப்பத்துக்குக் கரைத்த மா பொங்கிப் புளித்து, சட்டியைத் தாண்டி வழிந்து கிடந்தது. அந்தக் கோபத்தோடு போய்க் கதிரையில் இருந்தேன். வால்வர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சோடியை எடுத்தார். அதுவரை நான் காணாத சோடி. மாட்டுமுன் ஒவ்வொன்றையும் தன் சேர்ட்டில் துடைத்ததைக் கண்டேன், கண்டும் யோசிக்கவில்லை.

"எப்பிடி, அக்கா?"

"புளிச்ச மா."

பென்சிலைக் கீழே வைத்தார்.

"நல்லாக் கேட்டீங்களோ?"

"கேட்டனான். கொட்டத்தான் வேணும்."

அன்றைக்கு அவர் கொப்பியில் ஒன்றும் எழுதவில்லை. அடுத்தடுத்த நாளும் பெட்டியைப் போடவில்லை. மூன்றாம் நாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, அந்தச் சோடியை லேஞ்சியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சனிக்கிழமை கொழும்பு ஐயா காரில வாறார். இந்தச் சோடியைக் குடுத்துப்போட்டு அவரின்ர புதுச் சோடியை வாங்கப்போறன்."

"இது என்ன சோடி, தம்பி?"

அப்போதுதான் சொன்னார். அவர் துறைமுகத்தில் கப்பல்காரரோடு ரேடியோவில் கதைக்கிற அறையில் வேலை செய்தவர். முப்பது வருடம். ஒவ்வொரு கப்பலின் குரலும் அந்த இரண்டு வால்வுக்குள்ளால்தான் அவர் காதுக்கு வந்ததாம். ரேடியோவைக் கழித்துவிட்டபோது, வேண்டியதை எடுத்துக்கொள் என்றார்களாம். இவர் எடுத்தது இது இரண்டும். சண்டையில் இடம்பெயர்ந்த நேரம் உடுப்பை விட்டுவிட்டு, இவற்றை அரிசிக்குள் புதைத்துக்கொண்டு போனாராம்.

"பிறகேன் குடுக்கிறீங்கள்?"

"நீங்கள்தானே சொன்னீங்கள்? எனக்கும் கொஞ்ச நாளாச் சந்தேகம், அக்கா. முந்தி மாதிரி இல்லை. செத்துப்போச்சுதுகள் போல. ஆசைக்காக வைச்சிருக்க ஏலுமே?"

"தம்பி, அண்டைக்குப் புளிச்சது என்ர சட்டி மா..." என்று தொடங்கினேன்.

"நீங்கள் மனம் இளகிச் சொல்லுறீங்கள். வேண்டாம். முதல் சொன்னதுதான் நேர்மை" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடுகிற மனிதரிடம் பஞ்சுக் கதையை எப்படிச் சொல்வது? சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் கொழும்பு ஐயா வந்தார். வெள்ளைச் சேர்ட், நல்ல மனிதர், என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "நீங்கதானா அந்த அக்கா? உங்க தீர்ப்பு எல்லாத்தையும் போன்ல சேத்து வச்சிருக்கேன்!" மேசையில் ஒரு வெல்வெட் பெட்டிக்குள் அவருடைய புதுச் சோடி, பக்கத்தில் லேஞ்சியில் வால்வரின் சோடி. வால்வர் அந்தப் பக்கம் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணீரை வைத்தேன். என் பேர் போனால் போகட்டும் என்று இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துக் கோப்பைத் தட்டில் வைத்தேன்.

"இதென்ன, அக்கா?" என்றார் வால்வர்.

"பஞ்சு."

"எப்ப துடக்கம்?"

"கச்சான் துடங்கின நாள் துடக்கம்."

கொழும்பு ஐயா தன் போனைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "அப்போ அந்தத் தேசிக்காய்?"

"காலமைச் சம்பல், ஐயா."

"கூனிச் சுண்டல்?"

"கூனிச் சுண்டல்தான்."

பாவம், கனடாக்காரரை முந்திக்கொண்டு அவர் அந்தச் சோடியைக் கேட்டு இரவல் வாங்கி, மூன்று மாதமாகக் கூனிச் சுண்டல் போலவே கேட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கு நிலத்துக்குள் போகலாம் போலிருந்தது. வால்வர் கத்துவார் என்று பார்த்தேன். அவர் பென்சிலை எடுத்தார்.

"ரெண்டு காதிலயுமோ?"

"ஓம்."

"ஒரே அளவு பஞ்சோ, கூடக்குறையவோ?"

"நான் என்ன அளந்தோ வைச்சனான்!"

"அப்ப இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார். "இப்ப வெறுங்காதால கேளுங்கோ. கேட்டுப்போட்டு உள்ளதைச் சொல்லுங்கோ."

முதலில் ஐயாவின் சோடி. என் ஆண்டவரே, அந்த வயலின்! வாசிப்பவர் எனக்கு முன்னால் பாய் போட்டு இருந்து வாசிப்பதுபோல் இருந்தது. அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இத்தனை நாள் இதையா விட்டேன் என்று என் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. பிறகு ஒரு செபமாலை. பிறகு வால்வரின் சோடி.

அதில் வயலின் கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அதற்குப் பின்னால் ஏதோ இரைந்துகொண்டே இருந்தது. நிறுத்தாமல், மெல்லிசாக.

குழம்பிப்போனேன். இந்தச் சோடி வால்வரிடமே இருக்கட்டும் என்றுதான் பஞ்சை எடுத்தேன். எடுத்துக் கேட்டால், ஐயாவின் சோடிதான் நல்லது! நல்லதை நல்லது என்றால் இவருடைய சோடி போகும். பொய் சொன்னால் அது பஞ்சோடு சொன்னதைவிடப் பெரிய பொய். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலெல்லாம் மறந்துபோயிற்று.

"அது சுத்தம்" என்றேன். "இது இரையுது, தம்பி."

ஐயா மெல்லத் தலையாட்டினார். வால்வர் என் முகத்துக்குக் கிட்ட வந்தார்.

"என்னண்டு இரையுது?"

"என்னண்டு சொல்ல... மழைத்தூறல் கடலில விழுற மாதிரி. மெல்லிசா. நிப்பாட்டாமல்."

"இப்பவுமோ?"

"இப்பவும்."

ஹெட்போனை என் தலையிலிருந்து கழற்றித் தன் காதில் மாட்டினார். கண்ணை மூடினார். நெடுநேரம் கேட்டார். கழற்றியபோது அவர் கண் நனைந்திருந்தது, வாய் சிரித்தது. நான் பயந்துவிட்டேன்.

"எனக்குக் கேக்கேல்லை, அக்கா."

"என்ன கேக்கேல்லை?"

"அந்த இரைச்சல். அது பிறப்பிலேயே இதுகளுக்கு இருக்கிற இரைச்சல். முப்பது வருசம் அதுக்கு மேலாலதான் கப்பல்காரர் கதைச்சவை. இந்த வருசம் அதைக் காணேல்லை. வால்வு செத்துப்போச்செண்டு நினைச்சன்." லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வால்வுக்கு ஒண்டுமில்லை. என்ர காதுதான் போகுது!"

காது போகிறது என்று ஒரு மனிதர் இவ்வளவு சந்தோசமாகச் சொல்லி நான் கண்டதில்லை. "காது போனால் அழவெல்லோ வேணும், தம்பி?" என்றேன்.

"எழுபது வயசில காது போகாமல் வேறென்ன போகும்? அதுகள் உயிரோட கிடக்குதுகள். அது காணும்."

ஐயா வெல்வெட் பெட்டியை மூடினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் சுட்டுக் கொடுத்த அப்பத்தில் இரண்டு கூடக் கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று, அந்தக் கூனிச் சுண்டலை எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வால்வர் சோடி மாற்றுவதை விட்டுவிட்டார். அந்த இரண்டும் பெட்டியிலேயே இருந்தன. காலையில் ஒருக்கால் என்னைக் கூப்பிட்டு மாட்டிவிடுவார். "இரையுதோ?" "இரையுது." அவ்வளவுதான். போய்த் தன் தேத்தண்ணீரைக் குடிப்பார்.

பின்னால் வரும் ஆட்டோவின் ஹோன் கேட்காமல் இரண்டு முறை விழப்பார்த்தார் என்று, போன வருடம் அவருடைய மகள் வந்து கந்தளாய்க்குக் கூட்டிப்போய்விட்டாள். பெட்டியும் கூடப் போனது. நாள் தவறாமல் பின்னேரம் போன் வரும். சுகம் விசாரிக்க மாட்டார். மகளின் போனை ஹெட்போனுக்குள் வைத்துவிட்டு, "அக்கா, இரையுதோ?" என்று தூரத்திலிருந்து கத்துவார். எனக்குக் கேட்பது மயில் அகவுவதும், அவருடைய மகள் சட்டி கழுவுவதும்தான். வயலினே கேட்காது, இரைச்சல் எங்கே கேட்பது?

"நல்லா இரையுது, தம்பி!" என்று நானும் கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

சரி பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது காணும். இனி துவக்கத்திலிருந்து ஆற அமர எனக்கு வாசித்துக் காட்டு. என்னைப் பற்றி எழுதினதெல்லாம் அப்படியே கிடக்கட்டும். அவரை எங்கேயாவது குறைத்துச் சொல்லியிருந்தேன் என்றால் அந்த இடத்தில் நிறுத்து, திருத்துவோம்.